1977-ல் வெளியான அசல் 'ஸ்டார் வார்ஸ்' எங்கே? பழைய தியேட்டர் பிரிண்ட்டில் இருந்து படத்தை மீட்டெடுத்த ரசிகர்கள் - முழு விவரம்

ஒரு படம் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆஸ்கர் விருதுகளை அள்ளுகிறது. அமெரிக்க அரசே அதை 'பாதுகாக்க வேண்டிய படம்' என்று பட்டியலில் சேர்க்கிறது. ஆனால் 20 வருஷம் கழித்து, அந்தப் படம் வெளியானபோது இருந்த வடிவத்தில் தியேட்டரிலும் கிடையாது, நல்ல தரத்தில் கடையிலும் கிடையாது. கேட்டால், "புது பதிப்பு இருக்கே, அதைப் பாருங்க" என்பதுதான் பதில்.

இது நடந்தது ஏதோ மறந்துபோன பழைய படத்துக்கு இல்லை. ஜார்ஜ் லூக்காஸ் இயக்கி, 1977 மே 25-ம் தேதி வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குத்தான்.

இதற்காக நீதிமன்றம் போகாமல், போராட்டம் நடத்தாமல் சில ரசிகர்கள் வேறு ஒரு வேலை செய்தார்கள். அன்றைக்கு தியேட்டரில் ஓடிய பிலிம் பிரிண்ட்டுகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்து, படத்தை மீட்டெடுத்தார்கள். அது எப்படி நடந்தது? அது சட்டப்படி சரியா? விரிவாகப் பார்க்கலாம்.

படத்தில் என்னதான் மாறியது?

'ஸ்டார் வார்ஸ்' வெளியாகி 20 ஆண்டுகள் ஆனதையொட்டி, 1997 ஜனவரி 31 அன்று 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது. 1977-ல் பட்ஜெட்டும் தொழில்நுட்பமும் கைகொடுக்காததால் செய்ய முடியாமல் போனதை, இப்போது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் உதவியோடு செய்துவிட்டதாக லூக்காஸ் தரப்பு சொன்னது.

பழைய படத்தில் இல்லாத ஜாபா தி ஹட் காட்சி சேர்க்கப்பட்டது. மோஸ் ஐஸ்லி நகரத்தின் தெருக்களில் புதிய விலங்குகளும் வாகனங்களும் நுழைந்தன. டெத் ஸ்டார் வெடிக்கும்போது ஒரு ஒளி வளையம் பரவியது.

ரசிகர்களை அதிகம் கோபப்படுத்தியது வேற ஒரு காட்சி. மதுக்கூடத்தில் ஹான் சோலோவும் கிரீடோவும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். 1977 படத்தில் சுட்டது ஹான் மட்டும்தான். 1997-ல் கிரீடோ முதலில் சுடுவது போல மாற்றினார்கள். காசுக்காக எதையும் செய்யும் ஆளாக அறிமுகமாகி, கடைசியில் நண்பனைக் காப்பாற்றத் திரும்பி வருபவர் ஹான். தொடக்கத்திலேயே அவரை நல்லவராகக் காட்டினால் அந்த மாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

மாற்றங்கள் அதோடு நிற்கவில்லை. 2004 டிவிடியில் அதே காட்சி மறுபடியும் மாறியது. மூன்றாவது படமான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'யின் இறுதியில் தோன்றும் அனகின் ஸ்கைவாக்கராக நடித்த செபாஸ்டியன் ஷாவுக்குப் பதிலாக ஹேடன் கிறிஸ்டென்சன் வந்தார். 2011 ப்ளூரேயில் டார்த் வேடருக்குப் புதிதாக ஒரு அலறல் சேர்ந்தது. 2019-ல் டிஸ்னி பிளஸ் தளத்தில் வந்தபோது கிரீடோ வாயில் புதிதாக ஒரு வார்த்தையே முளைத்திருந்தது.

பழைய பதிப்பை வெளியிடவே இல்லையா?

ஒரு முறை வெளியிட்டார்கள். 2006-ல் வந்த டிவிடிகளில், கூடுதல் இணைப்பாக அசல் பதிப்பும் இருந்தது. ஆனால் அதற்காக யாரும் பிலிமைத் தொடவில்லை. 1993-ல் லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த வீடியோ மாஸ்டரையே எடுத்துப் போட்டார்கள். அகலத்திரை டிவியில் போட்டால் படம் திரையின் நடுவில் சின்னதாகச் சுருங்கி நிற்கும். நான்கு பக்கமும் கருப்பு.

2004-ல் செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் லூக்காஸ் தன் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னார். ஸ்பெஷல் எடிஷன்தான் தான் எடுக்க நினைத்த படம், பழையது பாதி முடிந்த வேலை, அதைச் சீரமைக்கப் பணம் செலவழிக்கும் எண்ணம் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

நெகட்டிவுக்கு என்ன ஆனது?

ஒரு படத்தின் தாய்ப்பிரதி, கேமராவில் ஓடிய நெகட்டிவ்தான். 1990களில் ஸ்பெஷல் எடிஷன் வேலைக்காக அதை எடுத்துப் பார்த்தபோது நிறம் மங்கியிருந்தது. முக்கியமாக, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் காட்சிகளுக்குப் பயன்படுத்திய ஒரு வகை பிலிம் மோசமாகச் சிதைந்திருந்தது. படம் வந்து 20 வருஷம்கூட முடியாத நிலையில் இது பெரிய அதிர்ச்சி.

நெகட்டிவைச் சுத்தம் செய்து சீரமைத்தார்கள். ஆனால் புதிதாக உருவாக்கிய காட்சிகளை அதே நெகட்டிவில்தான் வெட்டி ஒட்டினார்கள். அதாவது, 1977 படத்தின் தாய்ப்பிரதியே 1997 படத்தின் தாய்ப்பிரதியாக மாறிவிட்டது.

அப்படின்னா, 1977-ல் மக்கள் பார்த்த படம் முழுசாக, வரிசை மாறாமல் எங்கே மிச்சம் இருந்தது? அன்றைக்கு தியேட்டர்களுக்கு அனுப்பப்பட்ட பிரிண்ட்டுகளில்.

தியேட்டர் பிரிண்ட் என்றால் என்ன?

நம்ம ஊர்ல 'படப்பெட்டி வந்தாச்சா?' என்று கேட்பார்களே, அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் பிரிண்ட். 35 எம்எம் பிலிம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஓடும். 121 நிமிடம் ஓடும் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் ஃபிரேம்கள் இருக்கின்றன. பிலிமை நீளவாக்கில் விரித்தால் 3 கிலோமீட்டரைத் தாண்டும்.

நெகட்டிவில் இருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்துதான் தியேட்டர் பிரிண்ட். ஆக, பொதுவாக இது நகலின் நகலின் நகல். ஒவ்வொரு படியிலும் துல்லியம் கொஞ்சம் குறையும். இருண்ட பகுதிகளில் நுணுக்கம் போய்விடும். போதாக்குறைக்கு, நூற்றுக்கணக்கான காட்சிகள் ஓடி ஓடி கீறல், தூசி, எண்ணெய்க் கறை எல்லாம் சேர்ந்திருக்கும். அறுந்த இடங்களில் ஆபரேட்டர் வெட்டி ஒட்டியதால் சில ஃபிரேம்கள் காணாமல்கூடப் போயிருக்கும்.

வழக்கமாக, ஓட்டம் முடிந்ததும் விநியோக நிறுவனம் பிரிண்ட்டுகளைத் திரும்ப வாங்கி அழித்துவிடும். அப்படி அழியாமல் தப்பியவை சேகரிப்பாளர்களின் வீடுகளிலும் கிடங்குகளிலும் தங்கின.

தப்பித்த பிரிண்ட்டும் ஏன் சிவந்துபோகிறது?

தப்பியதாலேயே பிரிண்ட் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 1950களில் இருந்து 1980களின் தொடக்கம் வரை பயன்படுத்திய சாதாரண கலர் பிரிண்ட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. பிலிமில் உள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் வேகமாக மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பும் இளஞ்சிவப்பும். அந்தக் காலப் பிரிண்ட் ஒன்றை இன்று ஓட்டினால் வானம், மணல், முகம் எல்லாமே ரோஸ் நிறத்தில்தான் தெரியும்.

இன்னொரு எதிரி வினிகர் வாடை. பிலிமின் அடித்தளமான அசிடேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால், பிலிம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது ஒரு ரீலில் இருந்து பக்கத்து ரீலுக்கும் பரவும்.

இதற்கு விதிவிலக்கு டெக்னிகலர் நிறுவனத்தின் சாயப் பதிவு முறை. இதில் ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாக, அச்சகத்தில் கலர் அடிப்பது போல பிலிம் மீது பதிப்பார்கள். இந்தச் சாயங்கள் பல பத்தாண்டுகள் ஆனாலும் மங்குவதில்லை. அமெரிக்காவில் இந்த முறை 1970களின் நடுவில் நின்றுபோனது. ஆனால் பிரிட்டனில் இருந்த டெக்னிகலர் ஆய்வகம் இன்னும் சில ஆண்டுகள் இயங்கியது. அதனால் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அந்த முறையில் சில பிரிண்ட்டுகள் கிடைத்தன. 1990களில் நெகட்டிவைச் சீரமைத்தவர்களே, சரியான நிறம் எது என்று பார்க்க லூக்காஸிடம் இருந்த ஒரு டெக்னிகலர் பிரிண்ட்டைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

முதல் கட்ட முயற்சி ஒட்டுவேலை மாதிரி. செக் குடியரசைச் சேர்ந்த ஒரு ரசிகர் தலைமையில் 'டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்' உருவானது. ப்ளூரேயின் தெளிவான படத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மாற்றப்பட்ட இடங்களில் மட்டும் 2006 டிவிடி, பழைய பிலிம் ஸ்கேன்கள் போன்றவற்றில் இருந்து அசல் காட்சிகளை எடுத்துப் பொருத்தினார்கள். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அது பல மூலங்களைத் தைத்து உருவாக்கிய படம். 1977-ல் திரையில் தெரிந்தது அப்படியேதானா என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

அடுத்த கட்டம்தான் பெரிய பாய்ச்சல். 'டீம் நெகட்டிவ் ஒன்' என்ற பெயரில் இயங்கும் ரசிகர் குழு, நேரடியாக 35 எம்எம் பிரிண்ட்டுகளையே ஸ்கேன் செய்யத் தொடங்கியது. 2016-ல் 'சில்வர் ஸ்கிரீன் எடிஷன்' வந்தது. 2018-ல் '4கே77' வந்தது. படத்தின் 97 சதவீதம், 1977-ம் ஆண்டின் ஒரே ஒரு டெக்னிகலர் பிரிண்ட்டில் இருந்து எடுக்கப்பட்டது என்கிறது அந்தக் குழு. அடுத்த இரண்டு படங்களுக்கும் அதே பாணியில் '4கே80', '4கே83' திட்டங்கள் உருவாகின.

வேலை எப்படி நடக்கும்?

முதலில் பிரிண்ட்டைக் கையால் பரிசோதிக்க வேண்டும். கிழிந்த துளைகளைச் சரிசெய்து, பழைய ஒட்டுகளைப் பலப்படுத்தி, பிலிமைச் சுத்தம் செய்வார்கள். பிறகு ஸ்கேனரில் ஏற்றுவார்கள். இது தியேட்டர் புரொஜெக்டர் மாதிரி பிலிமின் துளையைப் பிடித்து இழுக்காது. பழைய பிலிம் சுருங்கியிருக்கும் என்பதால், உருளைகளின் மேல் மெதுவாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகப் பதிவு செய்யும்.

அதற்குப் பிறகுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கீறல், தூசி, புள்ளி, ஆட்டம், நிறம். மென்பொருள் பாதி வேலையைச் செய்யும். ஆனால் அதை முழுசா நம்ப முடியாது. விண்வெளிக் காட்சியில் நட்சத்திரத்தையும் தூசி என்று நினைத்து அது அழித்துவிடும். லேசர் கதிர்களுக்கும் அதே ஆபத்து. அதனால் மனிதக் கண் பார்த்தே தீர வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ரீல் முடியப்போகிறது என்று ஆபரேட்டருக்குச் சொல்ல, திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அது படத்தின் பகுதியா, இல்லை அழிக்க வேண்டிய அழுக்கா? பிலிமுக்கே உரிய மணிமணியான தன்மையை வைத்துக்கொள்வதா, மழுங்கடிப்பதா? இந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் விவாதம் நடந்தது. கடைசியில் மணித்தன்மையோடு ஒன்று, அதைக் குறைத்து ஒன்று என்று '4கே77' இரண்டு வடிவங்களில் வந்தது.

ஒலியிலும் இதே கதை. 1977-ல் டால்பி ஸ்டீரியோ, 70 எம்எம் பிரிண்ட்டுக்கான ஆறு டிராக், சாதாரண தியேட்டர்களுக்கான மோனோ என்று தனித்தனி ஒலிக்கலவைகள் இருந்தன. இவற்றில் சில வசனங்களே வேறுபடும். லூக்கின் சித்தி பெருவின் குரல்கூட மோனோவில் வேற. ஆக, 'அசல்' என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவதே அவ்வளவு எளிதில்லை.

இது சட்டப்படி சரியா?

நேரடியாகச் சொன்னால், இல்லை. பிரிண்ட் உங்கள் கையில் இருக்கலாம். ஆனால் அதில் இருக்கும் படத்தை நகலெடுக்கும், பரப்பும் உரிமை உங்களுக்குக் கிடையாது. புத்தகம் வாங்கியவர் அதை அச்சடித்து விநியோகிக்க முடியாது, இல்லையா? அதே மாதிரிதான்.

1977-ல் வெளியான இப்படிப்பட்ட நிறுவனப் படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அதன்படி 'ஸ்டார் வார்ஸ்' பொதுச்சொத்தாக மாறுவது 2073 ஜனவரி 1 அன்றுதான். லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தை 2012-ல் டிஸ்னி வாங்கியதால், உரிமை இப்போது டிஸ்னி வசம். ரசிகர் குழுக்கள் பணம் வாங்குவதில்லை, அதிகாரபூர்வ பிரதியை வாங்கியவர்கள் மட்டும் பாருங்கள் என்றும் சொல்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது மீறலை இல்லாமல் ஆக்கிவிடாது.

பிரிண்ட் வைத்திருப்பதே சிக்கலாக இருந்த காலமும் உண்டு. 1974 டிசம்பரில் பிரபல நடிகர் ராடி மெக்டொவல் வீட்டுக்குள் அமெரிக்காவின் எஃப்பிஐ புகுந்து, அவர் சேகரித்திருந்த படப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. வழக்கு எதுவும் பாயவில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதுமாதிரியான சம்பவங்கள் காரணம்.

லூக்காஸ் தரப்பு நியாயம் என்ன?

படைப்பாளி தன் படைப்பைத் திருத்தக்கூடாதா? எழுத்தாளர் அடுத்த பதிப்பில் திருத்துகிறார். இயக்குநர்கள் 'டைரக்டர்ஸ் கட்' வெளியிடுகிறார்கள். லூக்காஸ் மட்டும் செய்தால் தப்பா? இது நியாயமான கேள்விதான்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. 1988-ல், கருப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசும் விவகாரம் அமெரிக்காவில் வெடித்தபோது, நாடாளுமன்றக் குழு முன் போய்ப் பேசியவர்களில் லூக்காஸும் ஒருவர். பழைய படங்களை வணிகத்துக்காக மாற்றுவது பண்பாட்டுக்கே இழப்பு என்று வாதாடினார். அன்று அவர் எதிர்த்தது, படைப்பாளியை மீறி மற்றவர்கள் மாற்றுவதை. அதனால் தன் படத்தைத் தானே மாற்றியது வேறு கதை என்று அவரது ஆதரவாளர்கள் சொல்லலாம்.

ஆனால் ரசிகர்கள் கேட்பது வேறு. "புதுசு வேண்டாம்னு யாரும் சொல்லல, பழசையும் வைங்க" என்பதுதான் அவர்கள் வாதம். ஏனென்றால் அது ஒருவர் மட்டும் செய்த படம் இல்லை. 1978-ல் அது வாங்கிய ஆஸ்கர்களில் எடிட்டிங்கும் விஷுவல் எஃபெக்ட்ஸும் உண்டு. மார்சியா லூக்காஸ், பால் ஹிர்ஷ், ரிச்சர்ட் சூ வெட்டிய வடிவமும், ஜான் டிக்ஸ்ட்ரா குழு மினியேச்சர்களை வைத்துச் செய்த காட்சிகளும்தான் அந்த விருதை வென்றன. அவர்களின் வேலையைப் பார்க்க வழியே இல்லை என்றால், எதற்கு விருது கொடுத்தார்கள் என்று அடுத்த தலைமுறைக்கு எப்படித் தெரியும்?

தனியார் சேகரிப்பு எதற்கு? அரசு காப்பகங்கள் போதாதா?

காப்பகங்கள் இருந்தும் பல படங்கள் தப்பவில்லை என்பதுதான் வரலாறு. அமெரிக்காவின் மௌனக் கால முழுநீளப் படங்களில் சுமார் 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

மறுபக்கம், ஜெர்மனியில் 1927-ல் வெளியான ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்'. வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டப்பட்டு, முழு வடிவம் தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். 2008-ல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய முழுமையான 16 எம்எம் பிரதி கிடைத்தது. அதன் மூலம் 1920களில் அந்த ஊருக்கு வந்த ஒரு தியேட்டர் பிரிண்ட். அதைப் பல ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்தவர் ஒரு சினிமா விமர்சகர். நிறையவே கீறல் விழுந்த பிரதிதான். ஆனால் அது இல்லாமல், 2010-ல் பெர்லினில் திரையிடப்பட்ட மீட்டெடுத்த பதிப்பு சாத்தியமே இல்லை.

இப்போது நிலைமை என்ன?

'ஸ்டார் வார்ஸ்' 1989-லேயே அமெரிக்காவின் தேசிய திரைப்படப் பதிவேட்டில், முதல் 25 படங்களில் ஒன்றாக இடம்பிடித்தது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் நடத்திய விழாவில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 1977-ம் ஆண்டின் அசல் டெக்னிகலர் பிரிண்ட்டையே புரொஜெக்டரில் ஓட்டிக் காட்டினார்கள். லூக்காஸ்ஃபிலிம் தலைவராக இருந்த கேத்லீன் கென்னடியே மேடையேறி அதை அறிமுகப்படுத்தினார். படத்தின் 50-வது ஆண்டையொட்டி, 2027-ல் 1977 பதிப்பைச் சீரமைத்து மீண்டும் தியேட்டர்களில் வெளியிடப்போவதாக லூக்காஸ்ஃபிலிமும் அறிவித்திருக்கிறது.

நெகட்டிவும் மற்ற மூலப் பொருட்களும் கையில் இருக்கும் நிறுவனம் மனது வைத்தால், ரசிகர்களின் ஸ்கேனைவிடத் துல்லியமான படத்தைத் தர முடியும். அதில் சந்தேகமில்லை. அப்படி வந்துவிட்டால் '4கே77' தேவையில்லாமல் போகலாம். அதைச் செய்தவர்களும் கேட்டது அதைத்தான்.

ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் 1977 படம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு நல்ல தரத்தில் இருந்த வழி, ஓட்டம் முடிந்ததும் அழிக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு பிரிண்ட்தான். அதைத் தூக்கிப்போடாமல் யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்.